அத்தையின் காசுகளைத் தேய்த்துவிடாதே

வில்லாபுரம், மதுரை

அன்பு மாப்ள,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததையும் அதில் பழைய வெள்ளிக் காசுகள் இருந்ததையும் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உனக்கு முன்னால் எனக்குத் தட்டு வைத்தவர். காரியத்துக்கு வந்த அன்று கூட்டத்தில் உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மாட்டுத்தாவணி பக்கம் வேலை கிடைத்துவிட்டது, பஸ்ஸில்தான் போய் வருகிறாள். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்ள. புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். எங்கள் அப்பத்தா விட்டுப்போன இருபத்து மூன்று வெள்ளி ரூபாயில் பதினொன்றை நானே ஒரு மத்தியானம் உட்கார்ந்து விபூதி போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் விக்டோரியா ராணியின் கன்னமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல். வெள்ளியில் காலப்போக்கில் படிகிற கருப்பு நிறம் வெறும் அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு உண்டாகிற மெல்லிய தோல் அது. அதை உரித்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது. சேகரிப்பவர்கள் அப்படிப்பட்ட காசைப் பார்த்த உடனே ஒதுக்கிவிடுகிறார்கள். பதினொன்றும் இன்றைக்கு வெள்ளி எடைக்குத்தான் போகும். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அசலா போலியா என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், 11.4 இருந்தாலும் பயப்படாதே. ஆனால் எடை மட்டும் போதாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுகிற சின்ன தராசு ஒன்று வாங்கிக்கொள். அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, தராசு காட்டுகிற எண்ணைப் பூஜ்யமாக்கு. காசை நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியில் படாமல் தொங்கவிடு. தராசு இப்போது காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் 10.3 பக்கத்தில் வரவேண்டும். முழு எடையுள்ள ரூபாய் என்றால் தராசில் 1.13 நிற்கும்.

எங்கள் வீட்டில் 1840 என்று போட்ட ராணி காசு ஒன்று. மொத்தத்திலும் பழசு என்று அப்பத்தா அதைத் தனியாக மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். எடை 9.9, தண்ணீரில் 1.15. வகுத்தால் 8.6. வெள்ளியே இல்லை. வெள்ளை உலோகத்தில் யாரோ வார்த்தது. அப்புறம்தான் கவனித்தேன், எழுத்தெல்லாம் கொழகொழவென்று இருக்கிறது, மேலே ஊசியால் குத்தினாற்போல் பொடிக் குழிகள், ஓரத்து வரிகளுக்குக் குறுக்கே அச்சு சேர்ந்த கோடு. எந்தச் சந்தையில் எந்த மாட்டை விற்று இதை வாங்கினார்களோ. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் என்பது சம்சாரிக்கு எவ்வளவு பெரிய பணம்!

1940 முதல் 1945 வரை போட்ட வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான். ஆனால் எடை அதே 11.66 தான், அதனால் தராசை மட்டும் நம்பாதே. ஓரத்தைத் திருப்பிப் பார், நடுவில் பள்ளமாக ஒரு வரிசை வேலைப்பாடு ஓடும். கள்ளக்காசு அடிப்பவர்களுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று அப்போது புதிதாகக் கொண்டுவந்தது.

வருஷத்தை நம்பி மோசம் போகாதே என்பதற்கும் ஒரு கதை. ஒரு காசில் 1939 என்று என் தம்பி மகன் படித்துவிட்டான். அந்த வருஷத்து வெள்ளி ரூபாய் அபூர்வம், பெரிய விலைக்குப் போகும் என்று போனில் பார்த்துவிட்டு வீடே பரபரப்பானது. எனக்கும் கை நடுங்கியது. சாயங்கால வெயிலில் கொல்லைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். மூன்றாவது எண் தேய்ந்து கிடந்தது, ஒன்றா மூன்றா தெரியவில்லை. தலைப்பக்கம் திருப்பினேன். ஜார்ஜ் ராஜா பெயருக்குப் பின்னால் ரோமன் எண்ணில் ஐந்து. ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரியிலேயே போய்விட்டாரே! ஆக அது 1919, ஏராளமாக அடித்த காசு. உன்னிடம் 1862 என்று நாலு இருப்பதாக எழுதியிருக்கிறாய் அல்லவா, அதிலும் இப்படி ஒன்று உண்டு. 1874 வரைக்கும் அதே 1862ஐப் போட்டே அடித்தார்கள். வருஷத்தின் பக்கத்தில் புள்ளிகள் இருந்தால் எண்ணி எழுது, அதை வைத்து வகை பிரிக்கலாம்.

ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதிய காசு இருந்தால் அதைப் பூஜை அறையிலேயே வை. கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. லட்சக்கணக்கில் தருகிறேன் என்று யாராவது போன் பண்ணி முன்பணம் கேட்டால் உடனே வைத்துவிடு.

கிரேடு, அதாவது காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்கிற தரம், அதுதான் கஷ்டமானது. எங்கே முதலில் தேயுமோ அங்கே பார்க்கவேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911இல் தும்பிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி மாதிரி தெரிகிறது என்று ஜனங்கள் ஆட்சேபிக்க, அந்தக் காசைத் திரும்பப் பெற்று அடுத்த வருஷம் யானையைத் திருத்தினார்கள். அந்த யானையின் காதும் தும்பிக்கையும் தனித்தனியாகத் தெரிந்தால் எக்ஸ்ட்ரா ஃபைன் பக்கம் வரும். வெறும் மேடாக நின்றால் அதற்குக் கீழான ஃபைன். ராணிக்குக் கிரீடத்துக்குக் கீழே தலைமுடி இழையைப் பார். நம் வீட்டுக் காசென்றால் நம் கண் ஒரு படி கூட்டித்தான் பார்க்கும். என்னுடையதில் ஏழு ‘பிரமாதம்’ என்று எழுதி வைத்திருந்தேன். வெளி ஆள் ஒருவரிடம் காட்டினேன், இரண்டுதான் தேறியது. அவர் சொன்னதுதான் சரி. நாலு காசில் காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது, அதற்கெல்லாம் கிரேடே கிடையாது.

பஜாருக்கு எடுத்துப்போனால் உரைகல்லில் உரசிப் பார்க்க விடாதே. தெற்கு ஆவணி மூல வீதியில் எனக்குத் தெரிந்த ஆசாரி நல்ல மனுஷர், அவரே கை நீட்டினார். நகைக்கு அது வழக்கம், காசுக்குக் காயம். காரட் மீட்டர் என்கிற, உலோகத்தின் சுத்தம் பார்க்கும் மெஷினில் வைக்கச் சொல், அது உரசாது. மேல்பூச்சை மட்டும் படித்து ஏமாறவும் வாய்ப்புண்டு என்பதால் தண்ணீர்க் கணக்கையும் விடாதே.

அமெரிக்காவில் இருக்கும் பாப்பாவுக்கு நாலு கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறாய். நூறு வருஷம் ஆன காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொன்மைப் பொருள், நாமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவள் லீவில் வரும்போது இங்கேயே பார்க்கட்டும். 1940க்குப் பிந்தையதில் ஒன்று கொடு, போதும்.

அதுவரைக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு வை. ரப்பர் பேண்டு போடாதே, அதிலும் கந்தகம் இருக்கிறது. மெத்தென்ற பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பச்சையாகப் பிசுபிசுத்துவிடும்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? காசுகளோடு, அத்தை அதை முடிந்து வைத்திருந்த துணியையும் எடுத்து வா. அதில் ஏதோ பென்சிலால் எழுதியிருக்கிறது என்றாயே, இரண்டு பேரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. தராசு என்னிடம் இருக்கிறது.

உன் அன்பு மாப்ள