அண்ணன் வீட்டுக்கு வந்துட்டான், எல்லாருக்கும் நன்றி

26 நாள் கழிச்சு நேத்து டிஸ்சார்ஜ். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி சொல்ற தெம்பு எனக்கு இல்ல, அதான் இந்த மடல்.

முதல்ல அந்த நைட் டூட்டி ஜூனியர் டாக்டரம்மாவுக்கு. காய்ச்சல், மஞ்சக்காமாலை, வலது விலாவுக்குக் கீழ தொட்டாலே வலி, ஸ்கேன்ல பித்தப்பை சுவர் தடிச்சு வீங்கியிருக்கு ஆனா கல்லு இல்ல, அதனால ஆபரேஷனுக்கு ரெடியா இருங்கன்னு மத்த டாக்டருங்க சொல்லிட்டாங்க. இவங்க மட்டும் போர்வைய விலக்கி கெண்டைக்கால லேசா அமுக்குனாங்க, அண்ணன் கத்துன கத்துல வார்டே முழிச்சிருச்சு. செவந்து கெடந்த கண்ணப் பாத்துட்டு "அழுக்குத் தண்ணில இறங்குனீங்களா, கால்ல புண்ணு ஏதும் இருந்துச்சா?"ன்னாங்க. பத்து நாளைக்கு முன்னாடி வெறுங்காலோட சாக்கடை அடைப்பு எடுத்தது அப்பதான் எங்களுக்கு உறைச்சுது. எலி மூத்திரம் கலந்த தண்ணியால தொத்துற எலிக்காய்ச்சல்! ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அன்னிக்கு ராத்திரியே செஃப்ட்ரியாக்சோன்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசி.

அடுத்து, கத்தி வைக்காத சர்ஜன் சார். காமாலை அளவக் காட்டுற பிலிருபின் 31, கல்லீரலே போச்சுன்னு நாங்க அழுதப்ப, கல்லீரல் செல் உடைஞ்சா ஏறுற எஸ்ஜிபிடி 100 கூட தாண்டலன்னு சொல்லி, ரிப்போர்ட் பின்னாடி செங்கல் செவுரு வரைஞ்சு காட்டுனாரு. "செங்கல், அதாவது கல்லீரல் செல், உடையலம்மா, நடுவுல பூசுன சிமெண்ட்தான் விட்டிருக்கு, அது வழியா பித்தம் ரத்தத்துக்குள்ள கசியுது. பித்தக் குழாய்லயும் அடைப்பு இல்ல. மருந்துலயே பித்தப்பை அடங்குதான்னு பாப்போம், அடங்கலன்னா அப்ப கைய வைக்கலாம்." அடங்கிருச்சு. அந்தப் பேப்பர பத்திரமா வச்சிருக்கேன்.

கிட்னி நின்னப்ப நாலு டயாலிசிஸ் ஓட்டுன டெக்னீஷியன் தம்பி, பிளேட்லெட் 22,000க்கு எறங்குனப்ப ஆபீஸ்ல பாதி வேலைய போட்டுட்டு ஓடி வந்த பசங்க, உங்களுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னே தெரியல. காமாலை அரிப்புல அவன் தூங்காம பொரண்டப்ப முதுகு பூரா கேலமைன் தடவிவிட்ட நைட் சிஸ்டர், நீங்க இல்லன்னா முதுகுல தோலே மிஞ்சியிருக்காது.

கண்ணு இன்னும் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு. ரத்தத்துல இருக்குற அல்புமின்ங்கிற புரதத்தோட ஒட்டிக்கிட்ட பிலிருபின் மெதுவாத்தான் கரையுமாம், அதனால பாக்க வர்றவங்க தயவுசெஞ்சு மூஞ்சியப் பாத்து பயமுறுத்தாதீங்க, மூலிகைப் பொடி ஏதும் கொண்டாராதீங்க.

ரப்பர் பூட்ஸ் வாங்கி அனுப்புன மாமாவுக்கும் நன்றி. சைஸ்தான் ரெண்டு பெருசு மாமா, மாத்தணும்.