கோரிக்கை மனு: பொதிகை மலைக் காடுகளில் மரங்கள் குடிக்கும் தண்ணீரை அளக்க வேண்டி

அனுப்புநர்:
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி,
கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
கள இயக்குநர் அவர்கள்,
களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்,
திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா,

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் எத்தனை அடி தண்ணீர் என்று காலையில் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்து விவசாயிகள் வயலுக்குப் போகிறோம். மலை மேல் இருக்கும் நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களில் எவ்வளவு மழை என்பதும் தெரிந்துவிடும். பெய்த மழைக்கும் அணைக்கு வந்த தண்ணீருக்கும் நடுவில் காடு எவ்வளவு குடித்தது என்ற கணக்குதான் எங்கள் கைக்கு வருவதில்லை. அதைத் தொடங்கித் தரும்படி கேட்டே இந்த மனு.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் மலையடிவாரத்தில் இலை கொட்டி நின்ற மரங்களில் எதில் உயிர் இருக்கிறது, எது பட்டுப்போய்விட்டது என்று பார்த்ததும் சொல்ல முடியவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தேக்காவது இலையைக் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கும். மேலே காக்காச்சி, கோதையாறு பக்கம் நிற்கும் வெடிபலாவுக்கு அந்த வழியும் கிடையாது. வருடம் முழுக்க இலையோடு நிற்கிற மரம் அது.

இலை வழியே நீராவி போகப் போக, வேரிலிருந்து உச்சி வரை தண்ணீர் இழுபட்டு ஏறுகிறது. மண் காயக் காய அந்த இழுப்பு கூடும். ஓர் அளவைத் தாண்டினால் மரத்தின் நீர்க்குழாய்களில் காற்று புகுந்து தாரை அறுந்துவிடும். மோட்டார் காற்று வாங்கினால் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். சில மரங்கள் இலைத்துளைகளை முன்கூட்டியே மூடித் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் மூடி வைத்திருக்கும் வரை உணவு தயாரிப்பும் குறையும். உலகின் 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களை ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 70 சதவீதம் இந்த ஆபத்து எல்லையை ஒட்டியே வாழ்கின்றன. மழை அதிகமான காடு, வறண்ட காடு என்ற பேதம் அதில் இல்லை. அதனால் சோலை மரங்கள் எப்படியும் தப்பித்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

சரி, அளப்பது எப்படி? பிரெஞ்சு விஞ்ஞானி கிரானியே 1985-ல் கொண்டுவந்த முறை ஒன்று இருக்கிறது. தச்சர்கள் ‘வெள்ளை’ என்று கழித்துவிடும் வெளிக்கட்டையில்தான் தண்ணீர் ஏறுகிறது, நடுவில் இருக்கும் வைரக்கட்டையில் அல்ல. அந்த வெள்ளையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஊசிகளைச் செருகி, மேல் ஊசியை மட்டும் சூடாக்குவார்கள். தண்ணீர் வேகமாக ஏறினால் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு ஊசிகளுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம் குறையும். அதை வைத்து மரம் குடிக்கும் அளவைக் கணக்கிடலாம். மரத்தை வெட்டவே வேண்டாம். ஆனால் வேறு நாட்டு மரங்களை வைத்துப் போட்ட சமன்பாட்டை நம் மரங்களில் சரிபார்க்காமல் பயன்படுத்தினால் கணக்கு தப்பிவிடும்.

முண்டந்துறையின் வறண்ட காட்டில் ஓரிடம், கோதையாறு பக்கச் சோலையில் ஓரிடம் என்று தொடங்கினால் போதும். வெக்காலி, தேக்கு, வெடிபலா, ஆற்றங்கரை நீர்மருது ஆகியவற்றில் ஊசிகளையும், பக்கத்திலேயே மண் ஈரமானிகளையும் பொருத்த வேண்டும். இந்த அளவுகளையும் மழை, காற்றின் வறட்சி, அணை நீர்வரத்து ஆகியவற்றையும் சேர்த்து, அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஒரு கணினி மாதிரியை, பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு உருவாக்கித் தர வேண்டுகிறேன். அந்தக் கணிப்பு மே மாதத்துக்குள் கிடைத்தால் கார் பருவ நெல் சாகுபடிக்கு எவ்வளவு துணிந்து இறங்கலாம் என்று நாங்கள் முடிவு செய்வோம். காட்டின் எந்தப் பகுதி முதலில் காய்கிறது என்று தெரிந்தால் உங்கள் தீத்தடுப்பு வேலைக்கும் உதவும். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் இந்த மலையில் வாழும் காணிப் பழங்குடி இளைஞர்களுக்கு ஊதியத்தோடு கொடுங்கள். அந்த மரங்களை அவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை.

மரம் தண்ணீர் குடிக்கிறது என்றால் வெட்டிவிடலாமே என்று பேச வருபவர்களும் உண்டு. அதற்கு இம்மியும் இடம் தர வேண்டாம். காடு அழிந்த சரிவில் மழை மண்ணையும் இழுத்துக்கொண்டு வேகமாக இறங்கிவிடும். எங்களுக்கு வேண்டியது கோடையிலும் ஓடுகிற ஓடை.

தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதிக்குத் தங்கள் பரிந்துரையை அனுப்பும்படியும், எங்கள் பகுதி விவசாயிகள் நேரில் வந்து பேச ஒரு நாள் குறித்துத் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி