லெய்டனில் உனக்கு ஒரு பகல்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அலுத்துக்கொண்டதைக் கேட்டதிலிருந்து இதை எழுதிவிடவேண்டும் என்று மனம் பரபரத்துக்கொண்டே இருக்கிறது. விமான நேரத்தை மாற்றிவிட்டார்கள், காலை ஏழு மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் இறங்கினால் மாலை ஆறரைக்குத்தான் அடுத்த விமானம், எங்காவது ஒரு மூலையில் சாய்ந்து தூங்கிவிடுகிறேன் என்றாய். தூங்காதே. வெளியே போ. ஆம்ஸ்டர்டாமுக்குக்கூட வேண்டாம், லெய்டனுக்குப் போ. இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கலாம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஆய்வுக்காக நான் சில மாதங்கள் இருந்த ஊர் அது. எத்தனையோ முறை கதையாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாய். இப்போது உன் காலாலேயே நடந்து பார்க்க வாய்ப்பு வந்திருக்கிறது. உன்னிடம் கனடா பாஸ்போர்ட் இருப்பதால் விசா கேட்கமாட்டார்கள். இந்திய பாஸ்போர்ட்டாக இருந்தால் ஷெங்கன் விசா இல்லாமல் நிலையத்தின் வாசலைத் தாண்ட முடியாது. எத்தனையோ பேர் அதனாலேயே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நாளைக் கழிக்கிறார்கள். உனக்கு அந்தத் தடை இல்லாதபோது உள்ளேயே ஏன் உட்கார வேண்டும்?

பெட்டி ஒரே டிக்கெட்டில் நேராக இந்தியா வரை போகிறதா என்று டொராண்டோவில் செக்-இன் செய்யும்போதே வாய்விட்டுக் கேட்டுக்கொள். கைப்பை கனமாக இருந்தால் ஸ்கிபோல் விமான நிலையத்திலேயே லாக்கர் இருக்கிறது, அதில் வைத்துவிடு. பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், மாத்திரை, போன் சார்ஜர் மட்டும் உன்னோடு இருக்கட்டும். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் வெளிநாட்டாருடைய விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடு. முன்னதாக முடிந்தால் லாபம்தான்.

ரயிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு நேர் கீழேயே ரயில் நிலையம். டிக்கெட்கூட எடுக்க வேண்டாம், உன் வங்கி அட்டையையே வாயிலில் காட்டினால் போதும். இறங்கும் இடத்திலும் மறக்காமல் காட்டு, இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். இருபது நிமிடத்துக்குள் லெய்டன் சென்ட்ரால் வந்துவிடும்.

ஆம்ஸ்டர்டாமும் கிட்டத்தட்ட அதே தூரம்தானே என்று கேட்பாய். தூரம் சரிதான். ஆனால் நீ இரவெல்லாம் விமானத்தில் கண் விழித்து, சனிக்கிழமை காலையில் போய் இறங்கப்போகிறாய். வார இறுதிக் கூட்டம் முழுக்க அந்தக் கால்வாய் ஓரங்களில்தான் இருக்கும். வான் கோ அருங்காட்சியகம், ஆன் ஃபிராங்க் வீடு இரண்டுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போக முடியாது. விமானம் தாமதமானால் பணமும் போய் மனமும் நோகும். பத்து இடத்தை ஓடி ஓடிப் பார்த்து, எதுவும் மனதில் நிற்காமல் திரும்புவாய். லெய்டனில் எல்லாமே நடக்கிற தூரம். வழி தவறினாலும் ஏதாவது ஒரு கால்வாய் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார். விமான நிலையம் இருக்கிற நிலம் முன்பு பெரிய ஏரி. ஹார்லெம் ஏரி என்பார்கள். புயல் அடித்தால் சுற்றியிருந்த ஊர்களை மிரட்டிய நீர்ப்பரப்பு. நீராவி எந்திரங்களை வைத்து ஆண்டுக்கணக்காக இறைத்து, 1852இல் வற்றவைத்துவிட்டார்கள். உன் விமானம் இறங்குவதே கடல் மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே உள்ள தரையில்தான். சுனாமி பார்த்த ஊரில் வளர்ந்தவள் நீ. தண்ணீரோடு ஒரு நாடு இப்படிக் கணக்குப் போட்டு வாழ்வதை நீ பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

நிலையத்தை விட்டு ஊர்ப்பக்கமாக வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் டெ ஃபால்க் என்ற காற்றாலை உயரமாக நிற்கும். 1743இல் கட்டியது. தானியம் அரைக்க வைத்திருந்தார்கள், இப்போது உள்ளே அருங்காட்சியகம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், உன் நேரத்தை அங்கே கரைக்காதே.

நேராகப் போகவேண்டிய இடம் பூர்ஹாவ அறிவியல் அருங்காட்சியகம். பத்து மணிக்குத் திறப்பார்கள். அதன் பக்கச் சுவரில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புப் புலச் சமன்பாட்டைப் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்கள், தேடிப் பார். 1920இலிருந்து அவர் லெய்டனில் சிறப்புப் பேராசிரியராக வந்து போய்க்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்துக்கும் உன் தொழிலுக்கும்கூட உறவு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மருத்துவமனை. ஹெர்மன் பூர்ஹாவ என்ற மருத்துவர் மாணவர்களை நோயாளியின் படுக்கை ஓரத்துக்கே அழைத்துப்போய்ப் பாடம் நடத்திய இடம்.

ஆனால் உன்னை அங்கே அனுப்புவது அதற்காக இல்லை. உள்ளே ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் என்ற இயற்பியலாளர் ஹீலியத்தைத் திரவமாக்கிய கருவி இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில். 1908 ஜூலை 10 அன்று, விடியற்காலையில் தொடங்கி இரவு வரை வேலை பார்த்து, உலகத்திலேயே முதல்முறையாக ஹீலியத்தைத் திரவமாக்கினார்கள். அதற்கு அடுத்த மூன்றாவது ஆண்டு, 1911 ஏப்ரல் 8, அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடையை அளந்தார்கள். தடை படிப்படியாகக் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில், 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரிக்குப் பக்கத்தில் சட்டென்று காணாமல் போயிற்று. மீகடத்துத்திறன் என்று நான் வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடம் பிறந்தது அன்றைக்குத்தான்.

நீ ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் நோயாளியைப் படுக்கவைத்து உள்ளே தள்ளுகிறாயே, அந்த எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்தச் சுருள் மீகடத்தியாக வேலை செய்வது திரவ ஹீலியத்தின் குளிரில்தான். மைனஸ் 269 டிகிரி. ஒருமுறை நீ லீவில் வந்திருந்தபோது, "அம்மா, எங்க மெஷினில் ஹீலியம் அளவு குறைந்துவிட்டது, ஒரே கலவரம்" என்று சொன்னாய். நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே சிரித்தேன், நினைவிருக்கிறதா? லெய்டன் ஆய்வகத்தில் ஹீலியம் வந்து சேரும் நாளுக்காக நாங்கள் காத்திருந்ததும், வந்த பிறகு ஒரு துளி வீணாகாமல் அளவெடுத்து முடிக்க ராத்திரி வரை உட்கார்ந்திருந்ததும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நான் படித்ததும் நீ செய்வதும் வேறு வேறு என்றே இத்தனை வருடம் நீ நினைத்திருக்கிறாய். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. அதை நான் வாயால் சொல்வதைவிட, அந்தக் கருவியை நீ கண்ணால் பார்ப்பது மேல்.

நான் வேலை பார்த்த பழைய ஆய்வகக் கட்டடம் இப்போது சட்டக் கல்லூரியாகிவிட்டது. ஓன்னஸ் பெயர் மட்டும் வாசலில் நிற்கிறது. அதன் அருகிலுள்ள பூங்காவில் வீடுகள் இல்லாமல் வெளியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1807 ஜனவரியில் வெடிமருந்து ஏற்றிய ஒரு கப்பல் கால்வாயிலேயே வெடித்து, அந்தப் பகுதி முழுவதும் தரைமட்டமானது. அங்கே பெஞ்சு கிடக்கும். களைப்பாக இருந்தால் உட்கார்ந்துகொள்.

பிறகு ராப்பன்புர்க் கால்வாய் ஓரமாக நட. அந்த ஊரிலேயே அழகான தெரு அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் அங்கேதான். 1574இல் ஸ்பானியப் படை ஊரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபோது, டச்சுக்காரர்கள் அணைகளை வெட்டிவிட்டு வயல்வெளியில் தண்ணீரைப் பாய்ச்சி, அதன்மேல் படகில் வந்து ஊரை மீட்டார்கள். அடுத்த ஆண்டே, 1575இல், அங்கே பல்கலைக்கழகம் வந்தது. பட்டினியைத் தாங்கிய ஊருக்குப் பரிசாகக் கிடைத்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஹோர்டுஸ் தாவரவியல் தோட்டம், 1590இல் தொடங்கியது. டூலிப் பூவை நெதர்லாந்தில் பரப்பிய கார்லஸ் குளூசியஸ் அதன் பொறுப்பில் இருந்தவர். நீ போகிற மே கடைசியில் டூலிப் முடிந்திருக்கும், அதற்காக வருத்தப்படாதே. 1601இல் நட்டது என்று சொல்லும் லபர்னம் மரம் ஒன்று அங்கே உண்டு. மே மாதத்தில் நம் சரக்கொன்றையைப் போலவே மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். வீட்டை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்த சமயம், நான் அதன் அடியில் நின்று அழுதிருக்கிறேன். கண்ணாடி வீட்டுக்குள் ஆள் உட்காரும் அளவுக்கு இலை விரிக்கும் அமேசான் அல்லியும் இருக்கிறது.

வழியெல்லாம் வீட்டுச் சுவர்களில் கவிதைகள் எழுதியிருப்பார்கள். 1992இல் தொடங்கி நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன, ஒவ்வொன்றும் அதனதன் மொழியிலேயே, அதனதன் எழுத்திலேயே. எனக்குப் பின்னால் வந்த வழக்கம் என்பதால் நான் படத்தில் பார்த்ததோடு சரி. உனக்குப் பிடித்த சுவரைப் படம் எடுத்து அனுப்பு.

இந்த ஊரில் நம் ஊரும் இருக்கிறது, பாப்பா. டச்சுக்காரர்கள் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1781 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து போன சோழர் செப்பேடுகள் நெடுங்காலமாக லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தின் பாதுகாப்பில் இருந்தவை. பெரிய செப்பேட்டில் இருபத்தோரு ஏடுகள், பதினாறு தமிழ், ஐந்து வடமொழி. ஸ்ரீவிஜய நாட்டு அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. உன் அப்பாவோடு ஸ்கூட்டரில் அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறாய். அது நம் நாட்டுச் சொத்து என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. உன்னை அதைப் பார்க்கச் சொல்லவில்லை, போகிற போக்கில் பார்க்கிற பொருளும் இல்லை. நம் ஊர்ப் பெயரை உலகத்து ஆய்வாளர்கள் படித்த தெருவில் நடக்கிறோம் என்று மட்டும் தெரிந்து நட.

சனிக்கிழமை என்பதால் நியூவ ரைன் கால்வாயின் இரண்டு கரையிலும் சந்தை இருக்கும். சூடாகச் சுட்டுத் தரும் ஸ்ட்ரோப்வாஃபல் என்ற பாகு வைத்த இனிப்பை வாங்கிச் சாப்பிடு. உப்பில் பதப்படுத்திய ஹெரிங் மீனைப் பச்சையாகவே வெங்காயத்தோடு தருவார்கள். மீன் ருசி தெரிந்த நாக்கு உனக்கு, துணிந்து ஒரு துண்டு வாய்வை. பக்கத்திலேயே பூர்க்ட் என்ற பழைய கோட்டை மேட்டுக்கு ஏறலாம், கட்டணம் இல்லை. மேலேயிருந்து ஊர் முழுக்க ஓட்டுக் கூரையும் கோபுரமுமாகத் தெரியும். சைக்கிள் பாதையில் மட்டும் நிற்காதே, மணியடித்துக்கொண்டு வந்துகொண்டே இருப்பார்கள். மழைக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள். அந்தக் காற்றில் குடை நிற்காது.

மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் கிளம்பிவிடு. திரும்பும்போது பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை இரண்டும் உண்டு. மூன்றரைக்கு ஸ்கிபோலில் இருந்தால் பதற்றமில்லாமல் விமானம் ஏறலாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே நைட் ஷிப்டும் பிள்ளைகளுமாக ஓடுகிறாய். இங்கே வந்து இறங்கினால் கல்யாண வீடு, உன்னை யாரும் ஐந்து நிமிடம் தனியாக விடப்போவதில்லை. நானும் விடமாட்டேன். மாப்பிள்ளையும் பேரன்களும் அடுத்த வாரம்தான் வருகிறார்கள். நடுவில் கிடைத்த இந்த ஒரு பகலில் உன்னைக் கூப்பிட ஆள் கிடையாது. உன் வயதில் நான் அந்தத் தெருக்களில் தனியாக நடந்தபோதுதான், ஊருக்குத் திரும்பியதும் ஆய்வுப் படிப்பை முடிக்காமல் விடக்கூடாது என்று தீர்மானம் செய்தேன். மேலே படிக்கலாமா என்று நீ மூன்று வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அதை அங்கே நடந்துகொண்டே யோசி. என்ன முடிவுக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்து இருக்கவேண்டும் என்றாலும் வருகிறேன். அப்பாவிடம் பேசிவிட்டேன்.

லெய்டனுக்கு ரயில் ஏறியதும் ஒரு மெசேஜ் போடு, ஸ்கிபோலுக்குத் திரும்பியதும் இன்னொன்று. அப்பா இப்போதே அந்த ஊர் வரைபடத்தைக் கணினியில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா