புகைக்கூடத்தில் கழிந்த 14 இரவுகளுக்கு நன்றி

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் படத்துக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

அடைமழை இரவில், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் தோட்டத்துப் புகைக்கூடத்துக்குள் ஒதுங்கும் ஏழு பேர். ஒருவரை ஒருவர் தெரியாது. வெளியே நிற்கும் மிருகம் புகைக்கு மட்டுமே அஞ்சும். விறகு தீரும்வரைதான் உயிர். இந்தக் கதையோடும் ஆறு லட்சம் ரூபாயோடும் வந்து இறங்கினோம். மரங்கள் இலை உதிர்த்து, பால்வடிப்பு நின்றிருந்த பிப்ரவரி மாதம். சாவியைக் கையில் கொடுத்த தோட்டக்காரர் ஐயா வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கோடையில் மழைக்கு எங்கே போவது? தண்ணீர் லாரி அண்ணன் துளையிட்ட குழாய்களைக் கூரை நெடுகக் கட்டினார். பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் மழைத்தாரை கேமராவில் தெரியும் என்றோம். லாரியையே பின்பக்கம் கொண்டு நிறுத்தி முகப்பு விளக்குகளைப் போட்டுவிட்டார். படத்தில் நீங்கள் பார்க்கும் மழை அவருடையது.

மூன்றாம் இரவு, மிருகத்தின் உடை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. இன்னொன்று செய்யப் பணமில்லை. படம் அன்றோடு நின்றது என்றே நினைத்தேன். பால்வடிக்கும் அக்கா ஒருவர், அம்மோனியா கலந்து கன்னாசில் வைத்திருந்த ரப்பர் பாலோடு வந்தார். கிழிசலில் மெல்லிய துணியை ஒட்டி, விரலால் பாலைத் தடவினார். "ஒன்று காயாமல் அடுத்ததைப் பூசக் கூடாது, தம்பி." வெள்ளைப் பால் காயக் காயப் பழுப்பேறி, தோலாகவே மாறியது. விடியும்வரை ஒன்பது பூச்சு. அந்தத் தழும்பு நாங்கள் வடிவமைத்ததைவிட அழகு. அதனால் மறைக்காமல் அண்மைக் காட்சியில் வைத்தோம்.

ஜவ்வரிசிக் கஞ்சியில் மிருகத்தின் எச்சிலைக் காய்ச்சித் தந்த சமையல் அக்காவுக்கும், எலும்பு நொறுங்கும் சத்தத்துக்காக வாழைத்தண்டு சுமந்து வந்த பிள்ளைகளுக்கும் நன்றி. கதை வரிசையிலேயே படம்பிடித்ததால், முதல் நாள் பேசத் தயங்கிய ஏழு நடிகர்களின் கூச்சம்கூடப் படத்தில் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒத்துழைத்த அவர்களுக்கும் நன்றி.

உடைக்குள் இருந்த தம்பியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தில் பல காட்சிகளில் வேற்றுக்கிரக உயிரின் உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ என்னும் நைஜீரிய இளைஞர். உலகமே அந்த உருவத்தைக் கண்டு அலறியது. அவர் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. இதைச் சொல்லித்தான் தம்பியிடம் கேட்டேன். சிலம்பம் ஆடிப் பழகிய உடம்பு. மல்லாந்து வளைந்து, கைகால்களில் பின்னோக்கி ஊர்ந்தார். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் காலுறையைக் கவிழ்த்தால் வியர்வை கொட்டும். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

தேவாலய மண்டபத்தில் திரையிட்ட அன்று அவருடைய அம்மா முன்வரிசையில் இருந்தார். மிருகம் கூரையிலிருந்து இறங்கியதும் கூட்டம் அலறியது. அவர் மட்டும் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்து, "அந்த இடது முழங்காலைப் பாருங்கள், என் மகன்தான்" என்றார்.

அன்புடனும் நன்றியுடனும்,
படத்தின் இயக்குநர்