ஒரு பக்கம் வெளுத்த பேனா

ஈசூன்
ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

போன தீபாவளிக்கு நீ எழுதியதற்குப் பதில் போடவில்லை. அதற்கு முந்தைய தீபாவளிக்கும் போடவில்லை. உனக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். முழங்கால் தேவலை, படிக்கட்டு மட்டும் ஆகாது. மகள் வேலை மாறிவிட்டாள். அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி? நீ சுடும் அதிரசத்தை அவர் கண்ணில் படாமல் வை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் பேனா கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன்.

வீட்டை விற்றுவிடலாம் என்று தம்பி சொல்லி, நானும் சரியென்று, இரண்டு மாதமாகச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். சாமி அலமாரிக்கு மேல் அந்தக் கொங் குவான் பிஸ்கட் டின் இருக்கிறதே, அதில் பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் அம்மா கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறாள். பிரித்தவுடன் எனக்கு நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ் திண்ணைதான் கண்ணில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொள்ள ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் “தலைப்பில் யார் பேர் போடட்டும்?” என்று கேட்பார். நாம் இரண்டு பேரும் கோந்து தடவி உறை ஒட்டுவோம். உன் ‘ழ’வின் வாலைப் பார்த்து அவர் என்ன சொல்வார் என்று நினைவிருக்கிறதா? இப்போதாவது அந்த வாலை மடக்கினாயா?

பேனா மூடியில் கம்பெனிப் பெயர் இல்லை, உடம்பிலும் இல்லை. நிப்பில் மட்டும் ‘வாரண்டெட் 14 கேரட்’ என்று இருக்கிறது. அது துப்பு ஆகாதாம். அந்த மாதிரி நிப்புகளைச் செய்தவர்கள் பல பேனாக் கம்பெனிகளுக்கும் விற்றார்கள். தங்கம் என்பதால் துருப்பிடிக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரிவது. முதலில் ஒரு கடையில் காட்டினேன். கையில்கூட வாங்காமல், “ஆன்ட்டி, புதுசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான். வந்த கோபத்தில் பேசாமல் திரும்பிவிட்டேன். சுங்கை ரோடு சந்தை இருந்தால் அங்கே யாராவது கிழவர் சொல்லியிருப்பார், அதைத்தான் 2017இல் மூடிவிட்டார்களே.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பெரியவர்தான் விவரம் சொன்னார். பேனாவைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். கந்தக வாசனை குப்பென்று வந்தது. எபொனைட். ரப்பரோடு நூற்றுக்கு முப்பது பங்கு போலக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இப்படிக் கெட்டிப்படுமாம். உள்ளே விளக்கடித்துக் காட்டினார், அடியில் துளைப்பான் நின்ற கூம்பு அப்படியே தெரிகிறது. அச்சில் வார்க்காமல், தடியைக் கடைந்து துளைபோட்டுச் செய்த பேனா. ராஜமுந்திரியில் 1932இல் தொடங்கிய ரத்னம் பேனா அந்த வகைதான், சென்னையிலும் அப்படிக் கடைகிற பட்டறைகள் உண்டு. விற்கிற கடைக்காரர் தன் பெயரையோ வாங்குகிறவர் பெயரையோ பொறித்துக்கொள்ளட்டும் என்று வெறுமையாக விட்டுக் கொடுப்பதும் வழக்கமாம். அப்பா ரஜுலா கப்பலில் வந்தபோது கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ரப்பர் என்றதும் உன் தாத்தா நினைவு வந்துவிட்டது எனக்கு. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் நம் சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்துக்கு வந்தன, அப்புறம் ரிட்லி துரை பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே. அந்தப் பால் கப்பலேறிப் போய், கறுப்புத் தடியாகி, பேனாவாகி, குளுவாங்கில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு ஊர்க்கடிதம் எழுத இங்கேயே திரும்பி வந்திருக்கிறது. உன் தாத்தா வெட்டிய பாலும் இதில் ஒரு சொட்டு இருக்கும் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

சுத்தம் செய்ய ஐந்து நாள் ஆயிற்று. எபொனைட்டுக்கு வெந்நீர் ஆகாது, நிறம் போய்விடும். பச்சைத் தண்ணீர்தான். முதல் நாள் கழுத்து அசையவே இல்லை. முறுக்கினால் மரை உடைந்துவிடும், காத்திரு என்றார் பெரியவர். காத்திருந்தேன். மூன்றாம் நாள் தானாக இளகியது. கிண்ணத்துத் தண்ணீரில் நீலம் மெதுவாக இறங்கிப் பரவியது, அம்மம்மா! எத்தனை வருஷத்து மை! அப்புறம் நிப்பையும் அதன் அடியில் மை இறங்கும் நாக்கையும் உருவி, நாக்கின் பள்ளத்தை மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, கழுத்து மரையில் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். மை நிரப்ப மொட்டை ஊசி போட்ட சிரிஞ்சு. முப்பத்தெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்த கைக்கு அதுவா கஷ்டம்? மூன்று மில்லி பிடிக்கிறது. எழுதினால் கீறியது. பேனாவைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்துத் திருப்பியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பா பிடிக்கிற சாய்வு அது. நிப்பின் முனை அந்தப் பக்கமாகத்தான் தேய்ந்திருக்கிறது.

இதோ, ஒரு சொட்டு விழுந்துவிட்டது பார். கக்குகிறது. மை கால்வாசிக்குக் கீழே போனால் மேலே இருக்கிற காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். அப்பா ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் மைக்கூட்டைத் திறந்து நிரப்பிக்கொள்வாரே, வந்தவர்களுக்கு மரியாதையாக அப்படிச் செய்கிறார் என்று நாம் பேசிக்கொள்வோம். இதற்காகத்தான். யாருடைய கடிதத்திலும் அவர் ஒரு சொட்டு சிந்தி நான் பார்த்ததில்லை. நிரப்பிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இனிமேல் எழுதப்போவதற்குத்தான் இத்தனை நாள் யாரிடமாவது பேசவேண்டும் என்று தவித்தேன்.

பேனா ஒரு பக்கம் காவிப் பழுப்பாக வெளுத்திருக்கிறது. மறுபக்கம் கன்னங்கறுப்பு. பட்டை போட்டுப் பளபளப்பாக்கி அரைமணி நேரத்தில் புதுசு மாதிரி கறுப்பாக்கித் தரலாம் என்றார் பெரியவர். தம்பிக்கும் அதுதான் ஆசை. அப்பா திதிக்குக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் படத்துக்குக் கீழே வைக்க வேண்டுமாம். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. நானும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கொடுப்பதற்கு முன்னால் எதற்கு ஒரு பக்கம் மட்டும் வெளுத்தது என்று கேட்டேன். “வெயிலில் கிடந்திருக்கிறது. கிளிப் இருப்பதால் உருளாது, வைத்த மாதிரியே கிடக்கும். வருஷக்கணக்கில் கிடந்திருக்க வேண்டும்” என்றார். கிளிப்பை மெல்லத் தூக்கிக் காட்டினார். அதன் நிழலில் ஒரு கோடு மட்டும் பழைய கறுப்பு.

கமலா, அப்பா 1989இல் விழுந்தார். வலது கை போனது. 1996 வரைக்கும் அந்தக் கிழக்கு ஜன்னலோரக் கட்டில்தான். அவர் கண்ணில் பட்டால் மனசு கஷ்டப்படும் என்று அம்மா அன்றைக்கே பேனாவை எடுத்து ஒளித்துவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இல்லை. ஏழு வருஷமும் அது ஜன்னல் கட்டையில், அவர் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்திருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அந்த ஜன்னலை எத்தனை காலை நான் திறந்திருப்பேன்! மருந்து கொடுத்தேன், துடைத்துவிட்டேன், திருப்பிப் படுக்கவைத்தேன். பேனாவைப் பார்க்கவில்லை. ஒரு தாளைக் கொண்டுவந்து இடது கையில் எழுதிப் பாருங்கள் அப்பா என்று ஒரு நாள் சொல்லவில்லை. வார்டில் அதே மாதிரி கிடந்த எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் பட்டை போடக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். தம்பிக்குக் காரணம் புரியவில்லை, நானும் போனில் சொல்ல முடியாமல் கத்திவிட்டேன். மூன்று வாரமாகப் பேச்சில்லை. அவன் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தான், அவனுக்கு அந்த ஜன்னல் தெரியாது. அடுத்த ஞாயிறு சாவி வாங்க வருகிறான். ஒன்றும் பேசாமல் பேனாவைக் கையில் கொடுத்து, கிளிப்பைத் தூக்கிப் பார் என்று மட்டும் சொல்லப்போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1974இல் உன் வேலைக்காக அப்பா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நீ எதையும் தூக்கிப்போட மாட்டாய், ஈப்போவுக்கும் அது உன்னோடு வந்திருக்கும். எங்கள் வீட்டில் அவர் கையெழுத்து ரசீதுகளில்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் எழுதியவர், நமக்கு எழுத அவசியம் வரவில்லை. தைப்பூசத்துக்கு வரும்போது கொண்டுவா. படம் எடுத்து அனுப்பாதே, தாளாகப் பார்க்க வேண்டும். பேனாவை எடுத்து வைக்கிறேன், நீயும் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். உள்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், மறந்துவிடாதே.

அன்புடன்,
சாந்தி