பான்அருக்கு எதற்கு நற்சான்றிதழ்?

சீனச் சரித்திரத் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொடர்களை சப்டைட்டில் ஓடவிட்டு, ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எதிராளி முகத்துக்கு நேரே பதில் சொல்லும் உங்கள் வாயாடிக் கதாநாயகிகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த உரிமையில்தான் ஒரு குறையைச் சொல்ல வந்தேன். அவர்களுக்கு வாயைக் கொடுக்கிறீர்கள், சரி. கூடவே நல்ல குடும்பம், நல்ல நடத்தை என்று ஒரு நற்சான்றிதழையும் ஏன் குத்தி அனுப்புகிறீர்கள்?

2022இல் வந்த ‘அ டிரீம் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ தொடரையே எடுத்துக்கொள்கிறேன். லியூ யிஃபெய் நடித்த ஜாவ் பான்அர் சியான்டாங்கில் தேநீர்க்கடை நடத்துகிறவள். நிச்சயித்திருந்தவன் அரசுத் தேர்வில் மூன்றாவதாகத் தேறியதும், பெரிய இடத்துப் பெண் கிடைத்துவிட்டது என்று இவளைக் கழற்றிவிடுகிறான். இவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தோழிகள் இருவரோடு தலைநகரில் கடை போட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறாள். அந்தப் பகுதிகளுக்காக உங்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஆனால் அவளுடைய பூர்வகதை? அவள் படைத் தலைவர் ஒருவரின் மகளாம். அப்பாவுக்குக் கிடைத்த தண்டனையால்தான் சின்ன வயதில் கணிகையர் பட்டியலில் சேர்க்கப்பட்டாளாம். அங்கேயும் கலை மட்டும்தானாம், வேறொன்றும் இல்லையாம். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே உங்கள் ஊர் ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். போட வேண்டிய சண்டைதான்.

ஏனென்றால் தொடருக்கு மூலமான பழைய நாடகத்தில் இந்தச் சான்றிதழ் எதுவும் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் யுவான் ஆட்சிக்காலத்து நாடக ஆசிரியர் குவான் ஹான்சிங் படைத்த பான்அர் கணிகை. அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் இல்லை. அவளுடைய தோழி இன்ஜாங், ஜோவ் ஷ என்ற பணக்காரனைக் கட்டிக்கொண்டு போகிறாள். வாசலில் கால் வைத்ததுமே ஐம்பது அடி. காப்பாற்றச் சொல்லிக் கடிதம் வருகிறது. பான்அர் அலங்காரம் செய்துகொண்டு கிளம்புகிறாள், ஜோவ் ஷவை மயக்கித் தோழிக்கு விலக்குச் சீட்டு எழுத வைப்பதற்கு.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. இவளை நம்பி அவளை விட்டு, கடைசியில் இரண்டும் கைநழுவிப் போனால் என்ன செய்வது என்று யோசித்து, சத்தியம் செய் என்கிறான். பான்அர் சத்தியம் செய்கிறாள்: நான் உன்னைக் கட்டவில்லை என்றால் விளக்குத் திரி அடித்து என் கால் எலும்பு முறியட்டும்! முட்டாள் அதையும் நம்புகிறான். பரிசமாகச் சாராயமும் ஆடும் சிவப்புப் பட்டும் வாங்கக் கிளம்புகிறவனை, வீண் செலவு எதற்கு, எல்லாம் என் வண்டியிலேயே இருக்கிறது என்று தடுத்துவிடுகிறாள்.

விலக்குச் சீட்டு கைக்கு வந்ததும் தோழிகள் இருவரும் கம்பி நீட்டுகிறார்கள். அவன் துரத்திப் பிடித்து, இன்ஜாங் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றே தீர்த்துவிடுகிறான். மென்றது நகல். அசல், முன்யோசனையோடு மாற்றி வைத்திருந்த பான்அரிடம் பத்திரமாக இருக்கிறது. என் சாராயத்தைக் குடித்தாயே, என் பரிசத்தை வாங்கினாயே என்று அவன் கத்த, சாராயமும் என்னுடையது, ஆடும் என்னுடையது, பட்டும் என்னுடையது என்கிறாள். செய்த சத்தியம்? எங்கள் பிழைப்பே சத்தியத்தில்தான் ஓடுகிறது, அதெல்லாம் பலித்தால் எங்கள் வம்சமே மிஞ்சியிருக்காது என்கிறாள். வழக்கு நீதிபதியிடம் போய், அவனுக்கு அறுபது அடி விழுகிறது.

இவ்வளவையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தொழில்தானே? ஆண்களின் சத்தியத்தை நாள்தோறும் எடை போட்டவளுக்குத்தான் விளக்குத் திரியை வைத்து ஆணையிடத் தோன்றும். அவளைப் படைத் தலைவர் வீட்டுப் பெண்ணாக்கிவிட்டு, அதே சாமர்த்தியம் பரம்பரை ரத்தத்தில் வந்ததுபோல் காட்டினால் எப்படி?

அரண்மனைக் கதைகளில் இன்னொரு வகைக் கடிவாளம். 2018இல் வந்த யான்ஷி அரண்மனைத் தொடரில் வெய் யிங்லுவோ அக்காவின் சாவுக்குக் கணக்குத் தீர்க்க வருகிற தையல் பணிப்பெண். அடித்தால் திருப்பி அடிக்கிறாள், பார்க்க அத்தனை குஷி. எழுபது பகுதி முடிகையில் அந்த மூளை முழுக்கச் சியான்லுங் பேரரசரின் பிரியத்துக்குரியவளாக இருப்பதற்கே செலவாகிறது. சரித்திரத்தில் யிங்லுவோவுக்கு முன்மாதிரியான ராணி, அடுத்து வந்த ஜியாசிங் பேரரசரின் தாய், எனவே முடிவை மாற்ற முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதை ‘சுபம்’ என்று முடிக்கவும் வேண்டியதில்லையே.

கத்தரிக்கோல் உங்கள் கையில் இல்லை என்பதும் தெரியும். 2014 டிசம்பரில் டாங் காலத்துப் பேரரசி வூ செதியானாக ஃபான் பிங்பிங் நடித்த தொடரை, மார்பு தெரிகிற உடைகளுக்காகப் பாதியில் நிறுத்தி, சில நாளில் கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி ஒட்டித் திரும்ப ஒளிபரப்பினார்கள். அந்தக் காலத்துக் கல்லறை ஓவியங்களில் வருகிற உடைதான் அது. 2019 ஜனவரியில் பெய்ஜிங் நாளிதழ் ஒன்று அரண்மனைத் தொடர்களையே திட்டித் தீர்த்தது. இத்தனைக்கும் நடுவில் பிழைப்பது கஷ்டம்தான்.

ஆனால் பான்அரின் அப்பாவைப் படைத் தலைவராக்கச் சொல்லி எந்தத் தணிக்கை அதிகாரி கேட்டார்? அது உங்கள் பயமாகத்தான் எனக்குப் படுகிறது. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். எங்கள் பக்கத்து மெகா சீரியல்களிலும் இதே வியாதி உண்டு என்பதால் சட்டென்று அடையாளம் தெரிகிறது.

அடுத்து யாராவது அந்த நாடகத்தைத் தொடராக எடுத்தால், பான்அரைக் கணிகையாகவே எழுதுங்கள். அந்த வண்டியையும் மறக்காமல் அனுப்பி வையுங்கள், பத்து ஜாடிச் சாராயமும் சமைத்த ஆடுமாக.

இப்படிக்கு,
சப்டைட்டில் படித்தே கண் கெட்ட ஒரு ரசிகை