செயலாளர் அறிக்கை: யூலை 2024 முதல் யூன் 2025 வரை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம். சென்ற பொதுக்கூட்ட அறிக்கை வட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் கிடந்தது. திருத்தம் எதுவும் வராதபடியால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதி எங்கள் ஈட்டி மீன்பிடிச் சங்கத்தின் இந்த ஆண்டு அறிக்கையை வாசிக்கிறேன்.

நிர்வாக சபை ஆறு தடவை கூடியது. செப்டெம்பரில் கரை துப்பரவாக்கும் நாளில் பங்குபற்றினோம். தைப்பொங்கல் ஒன்றுகூடல் பூங்காவில் நடந்தது, மழை வந்ததால் இரண்டு மணிக்கே முடித்துக்கொண்டோம். புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள், இருவர் பிறிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தார்கள். எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவரின் தாயார் யாழ்ப்பாணத்தில் காலமானார். அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.

இனி, மார்ச் மாதத்தில் நடந்த எங்கள் ஆண்டுப் போட்டி: மூச்சடக்கிச் சுழியோடி, ஈட்டி எய்யும் துவக்கால் மீன் குத்தும் போட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. செயலாளர் போட்டியைப் பரீட்சையாக மாற்றிவிட்டார் என்று குழுவில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். என் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இருக்கிறார்கள். நேரே சொன்னவர்களுக்கு நன்றி.

குறை சொல்லப்பட்ட விதி இதுதான்: இரண்டு பேருக்கு ஒரு துவக்கு. சோடியாக இறங்கவேண்டும். ஒருவர் சுழியோடும்போது மற்றவர் மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கீழே போனவர் மேலே வந்து முப்பது விநாடி ஆகும்வரை பார்வையை எடுக்கக்கூடாது. அப்புறம்தான் துவக்கு கைமாறும். கீழே இருந்த நேரத்தின் இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுக்கவேண்டும். முந்தைய ஆண்டுகளிலும் சோடியாகத்தான் இறங்கினோம். ஆனால் ஆளுக்கொரு துவக்கு இருந்தது. அது பெயருக்குத்தான் சோடி. கையில் துவக்கு இருந்தால் கண் மீனில்தான் இருக்கும். கூட்டாளி எங்கே என்று தேடும்போது அவர் ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிற்பார். 2024 போட்டியன்று பாதுகாப்புப் படகில் இருந்து இதை என் கண்ணால் பார்த்தேன். அன்று இரவே இந்த விதியை எழுதத் தொடங்கினேன்.

முப்பது விநாடி எதற்கு என்று பலரும் கேட்டார்கள். சுழியோடியின் நினைவு போவது அநேகமாக ஆழத்தில் அல்ல. மேலே வரும் கடைசிப் பத்து மீற்றரில், அல்லது மேலே வந்து மூச்சு எடுத்த பிறகு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதன் இரண்டு மடங்கு, இருபது மீற்றரில் மூன்று மடங்கு. கீழே நிற்கும்போது நெஞ்சுக்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்ச ஒட்சிசனையும் அந்த அழுத்தம் இரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். ஆள் தெளிவாகத்தான் இருப்பார். மேலே வர வர அழுத்தம் குறையும், கடைசிப் பத்து மீற்றரில் அது பாதியாகிவிடும். மூளைக்குப் போகிற ஒட்சிசனும் அதோடு விழும். எடுத்த முதல் மூச்சு மூளைக்குப் போய்ச் சேரவும் சில விநாடி வேண்டும். ஆள் மேலே வந்துவிட்டார் என்று நாங்கள் திரும்பிவிடுவது அந்த விநாடிகளில்தான்.

இறங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுகிற பழக்கம் இதைவிட மோசம். மூச்சு எடு எடு என்று உடம்பை உந்துவது காபனீரொட்சைட்டு. வேகமாக மூச்சு விட்டால் அது குறையும், ஒட்சிசன் அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. கீழே சுகமாக இருப்பதுபோல் தோன்றும், நேரம் போவது தெரியாது, உடம்பு கொடுக்கவேண்டிய எச்சரிக்கை பிந்திவிடும். போட்டியில்லாமல் மீன்பிடிக்கப் போகும் நாளில் களைத்தால் கரைக்கு வந்துவிடுவோம். போட்டியில் புள்ளி இருக்கிறது, மணிக்கூடு ஓடுகிறது, மற்றச் சோடியின் மிதவையில் என்ன மீன் தொங்குகிறது என்று தெரிகிறது. அதனால்தான் பாதுகாப்பு விதி போட்டிக்குத்தான் கூடுதலாக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மார்ச் போட்டி சிட்னிக்குத் தெற்கே ஷெல்ஹாபர் பக்கத்துப் பாறைக்கரையில் நடந்தது. புஷ்றேஞ்சேர்ஸ் குடாவுக்குள் எதையும் பிடிக்கக்கூடாது என்பதால் அதற்கு நன்றாக விலகியே எல்லை போட்டோம். பதினொரு சோடிகள் பதிவு செய்தன, எட்டுச் சோடிகள் வந்தன. முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது எங்கள் இளைய அங்கத்தவர் ஒருவர் பதினெட்டு மீற்றர் ஆழத்தில் ஒரு கிங்பிஷைக் கண்டார். அறுபத்தைந்து சென்ரிமீற்றருக்கு மேல் நிச்சயமாக இருக்கும் என்று இன்றும் சொல்கிறார். முதல் தடவை தவறவிட்டுவிட்டு, ஓய்வு நேரம் முடியுமுன் வேகமாக மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பவும் இறங்கினார். மேலே வந்தார். ஸ்நோர்கல் குழாயைத் துப்பிவிட்டு ஒரு மூச்சு எடுத்தார். "சரி" என்றார். பிறகு கீழுதடு நடுங்கியது, உதடு நீலமானது, தலை முன்னுக்குச் சரிந்து முகம் தண்ணீருக்குள் போனது.

அவருடைய சோடி எங்கள் சங்கத்தில் இருபது வருடமாக இருப்பவர், இந்த விதிக்கு எதிராக வாக்களித்தவர். அவர் கை நீட்டும் தூரத்தில் நின்றார். நாடிக்குக் கீழே கை கொடுத்து முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, பாரத்துக்குக் கட்டும் ஈயப் பட்டியைக் கழற்றி விழவிட்டு, முகமூடியை இழுத்தெடுத்து, கன்னத்தில் தட்டி, கண்ணுக்குக் கீழே ஊதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு "மூச்சு எடு" என்றார். நான் படகில் இருந்து கொடியைக் கண்டு வருவதற்குள் தம்பி இருமிக்கொண்டிருந்தார். ஏன் தண்ணீருக்குள் நிற்கிறோம் என்று கேட்டார். நினைவு போனதே அவருக்குத் தெரியாது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம், இரவு வீட்டுக்கு விட்டார்கள். நான்கு கிலோ ஈயம் இன்னும் அந்த அடியில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

அன்று இரவு அவருடைய அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணை, அவன் மேல வரேக்க ஆர் பக்கத்தில நிண்டது?" என்னால் ஒரு பெயர் சொல்ல முடிந்தது. முந்தைய ஆண்டு இது நடந்திருந்தால் என்னிடம் சொல்லப் பெயர் இருந்திருக்காது. என்னைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றுக்கும் இதுதான் என் பதில். வேறு விளக்கம் தரப்போவதில்லை.

அந்தப் போட்டியை ஒரு மணித்தியாலம் முன்னதாகவே நிறுத்தினேன். புள்ளிகளை அதுவரை கரைக்கு வந்த மீனுக்கு மட்டும் கணக்கிட்டோம். அதில் ஒரு சோடிக்கு மனத்தாங்கல் உண்டு என்று தெரியும். முதலிடம் பெற்ற சோடி ஏழு இன மீன்களோடு வந்தது, சென்ற ஆண்டு பதினொன்று. ஒரு துவக்கு என்றால் மீன் குறையும்தான். ஒரு இனத்துக்கு ஒரு மீன் என்று எண்ணுவதால், மீனைக் குவிப்பவரைவிட கடலை அறிந்தவர்தான் வெல்வார். அது இந்த ஆண்டும் மாறவில்லை.

மற்ற விதிகளைப் பற்றியும் ஒரு சொல். நியூ சவுத் வேல்ஸில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி ஈட்டியால் மீன் குத்தக்கூடாது, விளக்கும் பாவிக்கக்கூடாது, கடற்கரை மணல் நீளத்தில் இரண்டு முனையிலும் உள்ள இருபது மீற்றரைத் தவிர வேறெங்கும் ஈட்டியோடு இறங்கக்கூடாது. மீன்பிடிக் கட்டணம் கட்டிய ரசீது கையில் இருக்கவேண்டும். இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது புளூ குறோப்பர் விஷயம். அது இந்த மாநிலத்தின் சின்னமான மீன், 1969 முதலே ஈட்டியால் குத்தத் தடை உண்டு. 2023 டிசெம்பரில் சிட்னியின் குறோணுல்லாவில் ஊர்மக்கள் பெயர் வைத்துக் கொண்டாடிய ஒன்றை ஒருவர் குத்தியபோது எவ்வளவு கோபம் கிளம்பியது என்று பார்த்தோம். அடுத்த மார்ச்சில் தூண்டில் உட்பட எந்த வழியாலும் பிடிக்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. எங்கள் புதியவர்கள் நீல நிறத்தைத் தேடுகிறார்கள். நீலம் வளர்ந்த ஆண் மீன்தான். பெண்ணும் குஞ்சும் மண்ணிறமாகவும் செம்மண்ணிறமாகவும் இருக்கும், பாறைக்குள் நிற்கும்போது வேறு மீன் போலவே தெரியும். அதனால்தான் படம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனையை வைத்தேன். அடையாளம் தெரியாத மீனை விட்டுவிடுங்கள். அதற்காக ஒருவருடைய புள்ளியும் குறையாது.

மிதவைக் கயிற்றை இடுப்பில் கட்டாமல் துவக்கில் கட்டவேண்டும் என்ற விதியையும் சிலர் தொந்தரவு என்கிறார்கள். 1963 டிசெம்பரில் தென் அவுஸ்திரேலியாவின் அல்டிங்கா கரையில், மாநில ஈட்டி மீன்பிடிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, போட்டியாளர் றொட்னி ஃபொக்ஸை வெள்ளைச் சுறா கடித்தது. கடியிலிருந்து விடுபட்டு மேலே வந்தவரைச் சுறா விடவில்லை. மிதவையை விழுங்கிக்கொண்டு கீழே போனது. கயிறு அவர் இடுப்பில் இருந்தபடியால் அவரும் கூடவே இழுபட்டார். கயிறு அறுந்ததால் பிழைத்தார். நானூறுக்கு மேற்பட்ட தையல் போட்டார்கள். பிறகு சுறாவைப் பார்க்கக் கூண்டு செய்து அதற்குள் இருந்து இறங்கியவர் அவர். ஊரில் சங்கு குளித்த எங்கள் பெரியப்பாமார்கூட மேலே கயிறு பிடிக்கும் ஆளை நம்பித்தான் இறங்கினார்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆள்தான் கீழே போகிறவரின் உயிர்.

அப்புறம், துவக்கின் றப்பரைத் தண்ணீருக்கு வெளியே இழுத்து ஏற்றுவதும், ஏற்றிய துவக்கோடு படகில் கை வைப்பதும் அந்த இடத்திலேயே தகுதி நீக்கம். இந்த ஆண்டு ஒருவரை அப்படி நீக்கினேன். நெருங்கிய நண்பர். இன்னும் என்னோடு கதைப்பதில்லை. றப்பர் வழுக்கினால் ஈட்டி நண்பர் யார் என்று பார்க்காது. கரைக்குத் திரும்பியதும் பெயருக்கு எதிரே ஒப்பம் வைக்கவேண்டும் என்பதும், ஒரு நிமிடம் பிந்தினாலும் புள்ளி வெட்டு என்பதும் யாரையும் தண்டிக்க வைத்ததில்லை. ஒப்பம் இல்லாத பெயரைத் தேடிப் படகு போகவேண்டும், அதற்குத்தான்.

பயிற்சி நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூச்சடக்கிப் பயிற்சி செய்ய எந்த நீச்சல் தடாகமும் இலகுவில் இடம் தராது. மேற்குச் சிட்னியில் ஒரு தடாகத்துக்கு நான்கு தடவை போய், எட்டுப் பக்கத்தில் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுத்து, உயிர்காப்பாளருக்கும் காசு கட்டி ஞாயிறு காலமை ஒரு மணித்தியாலம் பெற்றேன். மூன்று பயிற்சி வைத்தோம். முதலாவதற்கு ஒன்பது பேர், இரண்டாவதற்கு ஆறு பேர், மூன்றாவதற்கு நான்கு பேர். மீன்கறி காய்ச்சிய நாளில் நாற்பதுக்கு மேல் வந்தோம். வேலை, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, கிரிக்கெற், எல்லாம் எனக்கும் இருக்கிறது. போட்டியன்று பாதுகாப்புப் படகுக்கு நான்கு பேர் பெயர் தந்தார்கள். காலமை ஐந்தரைக்குப் படகுத்துறையில் நின்றது நானும் தலைவரின் மகனும்தான். மற்ற மூவரில் ஒருவராவது முதல் நாள் இரவு ஒரு செய்தி போட்டிருக்கலாம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், வங்கியில் கொஞ்சம் இருக்கிறது. தடாக வாடகையும் படகுக்கு எண்ணெயும் இந்த ஆண்டு எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டன. நாற்பத்தொரு அங்கத்தவர்களில் பதினெட்டுப் பேரின் சந்தா இன்னும் வரவில்லை, அதில் இருவர் நிர்வாக சபையில் இருக்கிறார்கள். காப்புறுதி சந்தா கட்டியவருக்குத்தான். சந்தா கட்டாதவரை நான் தண்ணீரில் இறக்கினால் அவருக்கு நடப்பது எதற்கும் சங்கத்திடம் பதில் இல்லை. அவருடைய வீட்டாருக்கு நான் என்ன சொல்வது?

படகு தந்த இருவருக்கும், தராசு தந்தவருக்கும், மீன் வெட்டிக் கொடுத்த அக்காமாருக்கும், முதலுதவிப் பெட்டியை நிரப்பித் தந்த மருந்தகத்தாருக்கும், ஒலிபெருக்கி தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும் சங்கத்தின் நன்றி. மார்ச் மாதத்தில் கை நீட்டும் தூரத்தில் நின்ற அந்த அண்ணைக்கு இந்தச் சபையின் முன்னால் எழுந்து நின்று நன்றி சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு. நான் இந்தப் பதவியில் நான்கு வருடம் இருந்துவிட்டேன். யாராவது முன்வந்தால் இன்றே கோப்புகளையும் தடாகத்தின் சாவி அட்டையையும் தருவேன். யாரும் வராவிட்டால் தொடர ஆயத்தம்தான். ஆனால் இரண்டு பேருக்கு ஒரு துவக்கு என்பது இப்போது நிர்வாக சபையின் தீர்மானமாக மட்டும் இருக்கிறது, அடுத்த சபை நினைத்தால் ஒரு கூட்டத்தில் எடுத்துவிடலாம். அதைச் சங்கத்தின் யாப்பில் எழுதும் பிரேரணையை இன்று முன்வைக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், சந்தா கட்டியவர்களுக்குத்தான் வாக்கு. வாசலுக்குப் பக்கத்து மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கிறார். வாக்கெடுப்பு தேநீருக்குப் பிறகுதான். முதலாவது பயிற்சி ஒக்டோபர் முதல் ஞாயிறு, காலமை ஏழு மணி. ஈயப் பட்டியைக் கொண்டுவாருங்கள். ஒரு கையால் கழற்ற வருகிறதா என்று ஒவ்வொருவருடையதையும் நானே பார்ப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்